சீட்டைக் காட்டிக்கொடுத்தவருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஹென்றி ஓரன்ஸ்டைன் ஐயா அவர்களுக்கு,

2021 டிசம்பரில், 98 வயதில், நீங்கள் காலமானீர்கள். ஆகவே இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். திறந்த மடலில் ஒரு சௌகரியம், யார் பெயருக்கு எழுதினாலும் படிக்கப்போவது வேறு ஆட்கள்தான்.

நீங்கள் போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023இல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் பிரதான ஆட்டத்தில் 10,043 பேர் உட்கார்ந்தார்கள். தலைக்கு 10,000 டாலர் கட்டணம். ஜெயித்த டேனியல் வைன்மன் 1.21 கோடி டாலரோடு எழுந்தார். அடுத்த வருடம் அந்தச் சாதனையும் போயிற்று. 10,112 பேர் வந்தார்கள். இதே ஆட்டத்துக்கு 1971இல் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் அடங்கிவிட்டார்கள்.

இந்த வளர்ச்சிக்கு யார் காரணம் என்று போக்கர்காரர்களைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். போட்டியைத் தொடங்கிய சூதாட்ட விடுதி முதலாளி பென்னி பினியன் என்பார்கள். 2003இல் ஜெயித்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் என்பார்கள். இன்டர்நெட் என்பார்கள். உங்கள் பெயர் அதற்குப் பிறகு, யாராவது ஞாபகப்படுத்தினால் வரும். என் கணக்கில் முதல் நன்றி உங்களுக்குத்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பினியனின் பங்கைக் குறைத்துப் பேச வரவில்லை. 1970இல் ஃப்ரீமாண்ட் தெருவில் இருந்த தன் ஹார்ஸ்ஷூ விடுதிக்கு நாட்டின் பெரிய போக்கர் கைகளை அழைத்து ஆடவிட்டவர் அவர். அந்த முதல் வருடம் நாக்-அவுட் போட்டியே கிடையாது. பல நாள் ஆடிவிட்டு, யார் சிறந்தவர் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தக் கூட்டத்தின் குணத்துக்குப் பொருந்துகிற கதை. மறு வருடத்திலிருந்துதான் கையிலிருக்கும் சில்லு தீர்ந்தால் வெளியே, கடைசியில் மிஞ்சுபவர் சாம்பியன் என்ற முறை வந்தது. கட்டணம் 5,000 டாலர். 1972இல் அதை 10,000 ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தொகையைத் தொடவே இல்லை. போட்டி பெரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். யாரும் அதிகம் பேசுவதில்லை. 1972இன் 10,000 டாலர் இன்றைய மதிப்பில் 70,000 டாலருக்கு மேல் வரும். அன்று பெருந்தனக்காரருக்கும் தொழில்முறை சூதாடிகளுக்கும் மட்டும் எட்டிய நாற்காலி, விலைவாசி ஏற ஏறத் தானாகவே மலிந்துகொண்டு வந்தது. ஐம்பது வருடமாக விலை ஏறாத சரக்கு அமெரிக்காவில் வேறு என்ன இருக்கிறது?

இன்னொரு நல்ல மூளை எரிக் ட்ரேக்குடையது. எழுபதுகளின் பிற்பகுதியில் போட்டியை நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு மேசையில் பத்துப் பேர் ஆளுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வைத்து ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எல்லாப் பணத்தையும் ஒன்றாகப் போட்டு ஆடி, ஜெயிப்பவர் பிரதான ஆட்டத்துக்குப் போங்களேன் என்றாராம். சாட்டிலைட் ஆட்டம் பிறந்த கதை அதுதான். 1982இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை 104. அடுத்த வருடம் சாம்பியனான டாம் மெக்கெவாய் சாட்டிலைட் வழியாக உள்ளே வந்தவர். 1991இல் 215 பேர், முதல் பரிசு முதன்முறையாகப் பத்து லட்சம் டாலர். 2002இல் 631 பேர்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஊருக்குள் யாருக்கும் தெரியாது. டி.வி.க்காரர்கள் எழுபதுகளிலிருந்தே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். திரையில் தெரிந்தது என்ன? தொப்பி போட்ட சிலர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சில்லைத் தள்ளுகிறார். இன்னொருவர் யோசிக்கிறார். ரொம்ப நேரம் யோசிக்கிறார். பிறகு சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிடுகிறார். அவரிடம் என்ன இருந்தது, இவர் எதை வைத்துத் தள்ளினார், இரண்டும் கடைசி வரை தெரியாது. 1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சில்லு மிஞ்சிய நிலையிலிருந்து ஏறி வந்து பட்டம் வென்றார். போக்கரில் அதைவிடப் பெரிய மீட்சிக் கதை இல்லை. அந்த வழி முழுக்க அவர் திருப்பிக் காட்டாத சீட்டுகளை மேசைக்கு வெளியே இருந்த யாரும் பார்த்ததில்லை.

1988 இறுதி ஆட்டம் வீடியோவாக இருக்கிறது. ஜானி சானின் கையில் அடுத்தடுத்த ஐந்து சீட்டு சேர்ந்து ஸ்ட்ரெயிட் விழுந்துவிட்டது; ஒன்றும் இல்லாதவர் மாதிரி பதுங்குகிறார். எதிரே எரிக் சைடல் ராணி ஜோடியை நம்பி எல்லாச் சில்லையும் உள்ளே தள்ளுகிறார். பத்து வருடம் கழித்து ‘ரவுண்டர்ஸ்’ படத்திலேயே அந்தக் காட்சியை எடுத்துப் போட்டார்கள். ஆனால் நேரில் நடந்தபோது, சீட்டு திரும்பும் வரை சானின் நடிப்பு நடிப்பு என்றே பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இதைத்தான் நீங்கள் உங்கள் வீட்டு டி.வி.யில் பார்த்துச் சலித்துப்போனீர்கள். போக்கர் பிடித்தவருக்கே சலிக்கிறது என்றால் மற்றவர் கதி என்ன?

உங்கள் முந்தைய வாழ்க்கையைப் பற்றி நாலு வரி எழுதாமல் மேலே போக மனம் வரவில்லை. போலந்தில் ஹ்ரூபியெஷுவ் என்ற ஊரில் 1923இல் பிறந்த யூதர் நீங்கள். பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வதைமுகாம்களுக்குள் தள்ளப்பட்டீர்கள். புட்ஸின் முகாமில் ஒருநாள், விஞ்ஞானிகளும் கணித நிபுணர்களும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நீங்கள் விஞ்ஞானியும் இல்லை, நிபுணரும் இல்லை. உங்கள் பெயரையும் சகோதரர்கள் பெயரையும் கொடுத்துவிட்டீர்கள். பொய் என்று தெரிந்தால் அங்கேயே உயிர் போகும். தெரியவில்லை. அந்த ஆராய்ச்சிப் பிரிவே ஏறக்குறைய நாடகம்தான், போர்முனைக்குப் போகாமல் தப்பிக்க ஜெர்மானியப் பேராசிரியர்களும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னாளில் உங்கள் நினைவுக் குறிப்பில் எழுதினீர்கள். இதைச் சீட்டாட்டத்தோடு சேர்த்து வைத்து அழகுபார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு பலர் தாராளமாகச் செய்திருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாமல் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதை நீங்கள் மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை.

அமெரிக்கா போனீர்கள், பொம்மைத் தொழிலில் இறங்கினீர்கள். டாப்பர் கம்பெனி, சூசி ஹோம்மேக்கர் பொம்மைகள், ஜானி லைட்னிங் கார்கள். காராக இருந்து வேறொன்றாக மாறும் ஜப்பானியப் பொம்மை ஒன்றைப் பார்த்து, அமெரிக்கக் கம்பெனி ஹாஸ்ப்ரோவையும் ஜப்பானியக் கம்பெனி டகாராவையும் சேர்த்து வைத்தது நீங்கள்தான். 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரை அந்தப் பொம்மையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். போக்கரிலும் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. 1996இல் செவன் கார்டு ஸ்டட் ஆட்டத்தில் வேர்ல்ட் சீரிஸின் தங்கக் காப்பை வென்றவர்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1995இல், உங்கள் காப்புரிமை பதிவானது. யோசனை பொம்மைக்காரரின் யோசனைதான், அவ்வளவு எளிது. ஒவ்வொரு ஆட்டக்காரர் முன்னாலும் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு கேமரா. ஆட்டக்காரர் தன் இரண்டு சீட்டைப் பார்க்கும்போது கேமராவும் பார்க்கும். மேசையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. வீட்டில் சோபாவில் இருப்பவருக்குத் தெரியும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பிழைப்பே ரகசியத்தில் இருப்பவனிடம் போய், ரகசியத்தை ஊருக்குக் காட்டு என்றால் எப்படி? அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவர்களுடைய வித்தை எல்லாம் இன்று பதினெட்டு வயதுப் பையன்களுக்கு அத்துப்படி.

பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 1999இல் ‘லேட் நைட் போக்கர்’ நிகழ்ச்சியில் மேசைக்கு அடியில் கண்ணாடி வைத்துச் சீட்டைக் காட்டியது. அமெரிக்காவில் 2003 மார்ச்சில் வேர்ல்ட் போக்கர் டூர் உங்கள் காப்புரிமையோடு ஒளிபரப்பானது. அதே வருடம் விளையாட்டு சேனல் இ.எஸ்.பி.என். வேர்ல்ட் சீரிஸ் பிரதான ஆட்டத்தை இந்தக் கேமராக்களோடு படம்பிடித்தது.

அங்கேதான் நான் சொல்லவந்த அந்த ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், வருகிறது. தெரியாதவர்களுக்காக: இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாகத் தரையில். 839 பேரில் இருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாமி ஃபர்ஹா, லெபனானில் பிறந்தவர், தொழில்முறைப் புலி, வாயில் பற்றவைக்காத சிகரெட். மறுபக்கம் டென்னசியிலிருந்து வந்த 27 வயது கணக்கர் கிறிஸ் மணிமேக்கர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட்டில் ஜெயித்து இங்கே வந்திருப்பவர்.

மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. ஃபர்ஹா கையில் இஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. தரையில் விழுந்தவை இஸ்பேட் ஒன்பது, டைமன் ரெண்டு, இஸ்பேட் ஆறு. ஃபர்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. நாலாவது சீட்டு இஸ்பேட் எட்டு. இப்போது மணிமேக்கருக்கு இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஃப்ளஷ், அஞ்சோ பத்தோ வந்தால் ஸ்ட்ரெயிட். கடைசிச் சீட்டு ஆட்டின் மூணு. ஒன்றும் வரவில்லை. கையில் ஜோடிகூட இல்லை, ஒரு ராஜா மட்டும்.

மணிமேக்கர் ‘ஆல் இன்’ என்கிறார். இருக்கிற அத்தனை சில்லும் உள்ளே.

ஃபர்ஹா யோசிக்கிறார். ஃப்ளஷ் வராமல் போய்விட்டதா என்று எதிராளியிடம் வாய்விட்டே கேட்டுப் பார்க்கிறார். மணிமேக்கர் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஃபர்ஹா சரியாகத்தான் கணித்துவிட்டார். ஆனால் கணிப்பது ஒன்று, அதை நம்பி மொத்தத்தையும் வைப்பது வேறு. வில்லன் கதவுக்குப் பின்னால் நிற்பது நாயகனுக்குத் தெரியாது, கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும் என்கிற நிலைமை. கூப்பிட்டுச் சொல்லத் தோன்றும், குரல் எட்டாது. ஃபர்ஹா ஒன்பது ஜோடியைக் கவிழ்த்துப் போடுகிறார்.

கேமரா இல்லாமல் இதே கையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் தள்ளினார், ஒருவர் விலகினார். பெரிய சீட்டு வந்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு சேனலை மாற்றியிருப்போம். வெற்றுக் கையை வைத்துக்கொண்டு ஒரு கத்துக்குட்டி புலியை மிரட்டி ஓட்டினான் என்று உலகத்துக்குத் தெரியவந்ததே உங்கள் கண்ணாடி ஜன்னலால்தான். கடைசிக் கையில் மணிமேக்கர் அஞ்சும் நாலும் வைத்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) அடித்தார், 25 லட்சம் டாலர் வாங்கினார். எனக்கு அந்தக் கை ஞாபகத்தில் நிற்பதில்லை. நல்ல சீட்டு வந்தது, ஜெயித்தார். அதில் என்ன இருக்கிறது?

இ.எஸ்.பி.என். இதைத் திரும்பத் திரும்பப் போட்டது. அடுத்த வருடம் 2,576 பேர். 2005இல் 5,619. 2006இல் 8,773, முதல் பரிசு 1.2 கோடி டாலர். மூன்றே வருடத்தில் பத்து மடங்கு. பழைய ஹார்ஸ்ஷூவில் இடம் போதாமல் ரியோ விடுதிக்குப் போனார்கள். போட்டியின் உரிமையும் 2004இல் பினியன் குடும்பத்தை விட்டுக் கை மாறியிருந்தது. 2006இல் ஆன்லைன் சூதாட்டப் பணப் பரிமாற்றத்துக்கு அமெரிக்கா தடை கொண்டுவந்ததும் அடுத்த வருடம் கூட்டம் 6,358 ஆகச் சரிந்தது. 2011 ஏப்ரலில் பெரிய ஆன்லைன் போக்கர் தளங்களை அமெரிக்க அரசு முடக்கியது. போட்டி செத்துவிடும் என்று எழுதாதவர் இல்லை. அந்த வருடமும் 6,865 பேர் வந்தார்கள். இன்டர்நெட்தான் எல்லாம் என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடையை மூடிய பிறகும் கூட்டம் வந்தது என்றால், அவர்கள் கடைக்காக வந்தவர்கள் இல்லை. டி.வி.யில் பார்த்து, நாமும் ஒருநாள் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள்.

இன்று கண்ணாடி ஜன்னல் போய்விட்டது. சீட்டுக்குள்ளேயே நுண்சில்லு வைத்து, மேசைக்கடியில் இருக்கும் கருவி படித்துக்கொள்கிறது. திருட்டுத்தனமாக யாரும் சேதி சொல்லிவிடக் கூடாது என்று ஒளிபரப்பைத் தாமதமாக விடுகிறார்கள். ஆனாலும் யோசனை உங்களுடையதுதான். 2008இல் உங்களைப் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 1995க்கும் அதற்கும் நடுவே பதின்மூன்று வருடம். என்னைக் கேட்டால் தாமதம்தான்.

நன்றி மடலில் குறை சொல்லலாமா? எங்கள் பக்கத்து வழக்கத்தில், பெரியவர்களிடம் மனதில் இருப்பதை மறைத்தால் அதுதான் மரியாதைக் குறைவு. உங்கள் கேமரா சீட்டைக் காட்டியது, தோற்றவனின் வங்கிக் கணக்கைக் காட்டவில்லை. அது உங்கள் பொறுப்பு இல்லைதான். ஆனால் அந்தப் பத்தாயிரம் பேரில் பணத்தோடு திரும்புகிறவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். மிச்சமுள்ள எட்டாயிரத்துச் சொச்சம் பேரின் கதை திரைக்கு வருவதில்லை. 86 டாலர் 25 லட்சமானது ஒருவருக்கு. அந்த ஒருவரைப் பார்த்து 86 டாலரைத் தொலைத்தவர்களை யாரும் எண்ணவில்லை.

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தைவிட்டு உயிரையும் விட்டவர்களின் செய்தியை நாங்கள் வருடக்கணக்காகப் படித்திருக்கிறோம். 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அந்தத் தடை அவற்றுக்குச் செல்லாது என்று அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே இருக்கலாம். மணிமேக்கரின் அந்தக் கை திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் சாமர்த்தியசாலிகள் ஆடும் மேசையில் சாமர்த்தியம் இல்லாதவனுக்கு அது திறமை ஆட்டமாக இருந்து என்ன பயன்? அவன் பணம் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

என் நன்றி பார்வையாளனின் நன்றி. சில்லைத் தொடாமல், சல்லிக்காசு வைக்காமல், இரண்டு மனிதர்கள் ஒருவர் மனதை ஒருவர் தோண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பை எனக்குக் கொடுத்தது நீங்கள். தைரியத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம். கையிலிருக்கும் சீட்டு தெரிந்தால்தான் வித்தியாசம் புரியும். ஒருவர் சரியாக முடிவெடுத்தும் தோற்பதையும், அபத்தமாக ஆடியும் ஜெயிப்பதையும் உங்கள் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு பட்டவர்த்தனமாக அதைப் பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2003 இறுதி ஆட்டத்தின் அந்தக் கை யூடியூபில் கிடைக்கிறது. போக்கர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மேலே எழுதியிருக்கும் சீட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு ஃபர்ஹாவின் முகத்தைப் பாருங்கள். பார்த்து முடித்ததும், ஆடிப் பார்க்கக் கூப்பிட்டு எந்த விளம்பரம் வந்தாலும் அதை மட்டும் மூடிவிடுங்கள்.


காசு வைக்காமல் பார்க்கும் ஒரு ரசிகன்